நெருப்புக்கு மட்டும்தான் லைக்கா?

2019 டிசம்பர் 31. ஆஸ்திரேலியாவின் லேக் கான்ஜோலாவில் எரியும் வீட்டைத் தாண்டி ஒரு கங்காரு ஓடுற படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. மேத்யூ அபாட் எடுத்தது. நல்ல படம், மறுக்கவில்லை. ஆனா அந்தக் கோடையில் நியூ சவுத் வேல்ஸில் காட்டுத்தீயோடு மல்லுக்கட்டியவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவங்க முகம் ஒண்ணாவது நினைவிருக்கா?

தீ அடங்கினாலும் அவர்கள் வேலை முடியாது. புகையும் அடிமரத்தைக் கிளறி, தண்ணீர் ஊற்றி, சூடு இருக்கான்னு மறுபடி பார்க்கணும். விட்டால், காற்றடிச்சதும் திரும்பப் பத்திக்கும். மஞ்சள் சட்டையெல்லாம் கரியாகி, அசந்து தரையிலேயே தூங்குறாங்களே, அந்தப் படங்களும் வந்தன. நாமதான் தள்ளிவிட்டுட்டுப் போயிட்டோம். (தீப்பிழம்புதான் வால்பேப்பருக்கு அழகு!)

போட்டோகிராபி கிளப் நண்பர்களே, அடுத்த போட்டியில் அப்படி ஒரு படம் வந்தா, ‘ஆக்‌ஷன் இல்லை’ன்னு ஒதுக்காதீங்க.