உம்மா சீல் எங்கே, டீச்சர்?

போன கிழமை தரம் 6 பிள்ளைகளுக்குப் பாலூட்டிகள் பற்றிச் சொல்லிக்கொடுக்க சீல் படங்கள் தேடினேன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், லிங்கன்ஷயரில், டொனா நூக் என்றொரு கடற்கரை. விமானப்படை குண்டுவீசிப் பழகும் இடமும் அதுதான். குளிர் தொடங்கும் காலத்தில் சாம்பல் நிறச் சீல்கள் கரையேறி, வருடத்துக்கு 2000க்கும் மேற்பட்ட குட்டிகளைப் போடுகின்றன. சனங்கள் வேலிக்கு இப்பால் நின்று பார்க்கலாம்.

வகுப்புக்குப் போகமுதல் பாதிப் படங்களை எடுத்துவிட்டேன். பஞ்சு மாதிரி வெள்ளைக் குட்டிகளை வைத்துக்கொண்டேன். கழுத்தெல்லாம் இரத்தமாகச் சண்டை பிடிக்கும் ஆண் சீல்கள், நஞ்சுக்கொடியைப் பறித்துத் தின்னும் கடற்காகங்கள், பெரிய ஆண் சீல் மேலே ஏறிப்போனதில் நசுங்கிச் செத்த குட்டி, எல்லாம் வெளியே. பிள்ளை பயப்படும் படத்தைக் காட்டக்கூடாது என்று கலாசாலையில் படித்த பழக்கம்.

ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், இந்தக் குட்டி ஏன் தனியக் கிடக்கு? அதுட உம்மா எங்க?"

அந்த வகுப்பில் பல பிள்ளைகளின் உம்மாமார் குவைத்திலும் சவூதியிலும். கேட்டது யார் என்று சொல்லமாட்டேன். "மீன் பிடிக்கப் போயிருக்கு மகள், இப்ப வந்திடும்" என்றேன்.

பொய். அந்தத் தாய் வராது. ஏறக்குறைய 18 நாள்தான் பால் கொடுக்கும். அந்த நாட்களில் அது ஒன்றும் தின்பதில்லை. பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. சுமார் 14 கிலோவில் பிறந்த குட்டி மூன்று மடங்காகக் கொழுக்க, தாய் வற்றிப்போகும். பிறகு கடலுக்குப் போய்விடும். குட்டி சில கிழமை பட்டினி கிடந்து, தானாகவே தண்ணீரில் இறங்கி இரை பிடிக்கப் பழகும். இதை அந்தப் பிள்ளை தாங்கமாட்டாள் என்று நான்தான் முடிவு செய்தேன். தாங்காதது நானாகவும் இருக்கலாம்.

இப்படிப்பட்ட படங்களை எடுப்பவர்களை ஈவிரக்கமில்லாதவர்கள் என்று நாங்கள் லேசாகச் சொல்லிவிடுகிறோம். குட்டி சாகுது, இவன் கமராவோடு நிற்கிறான் என்று. ஆனால் அங்கே கை வைப்பதுதான் ஆபத்து. தாய் தன் குட்டியை மணத்தால் அடையாளம் காணும். மனித வாடை பட்டால் கைவிட்டுவிடக்கூடும். அழகான படத்துக்கு ஆசைப்பட்டு வேலியைத் தாண்டி, மணல் வெளியால் கடலோரம் வரை நடந்தவர்களும் இருந்தார்கள். ஆள் கிட்டப் போனால் தாய் தண்ணீருக்குள் ஓடும், குட்டி பாலில்லாமல் கிடக்கும். அங்குள்ள வனவுயிர் அறக்கட்டளை அப்படிப் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. வேலிக்கு வெளியே நின்று எடுத்த செத்த குட்டியின் படத்தைவிட, அப்படிப் போய் எடுத்த வெள்ளைக் குட்டியின் படம்தான் எனக்கு இரக்கமில்லாததாகப் படுகிறது.

எங்கள் ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்டிக்கோடு சேர்த்து மேயும் படங்கள் உலகமெல்லாம் போனபோது எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது, ஏன் இதை எடுத்தார்கள் என்று. சீல் குட்டி நசுங்குவதற்கு யாரும் பொறுப்பில்லை. அந்தக் குப்பைக்குள் என் வீட்டு சொப்பிங் பேக்கும் இருக்கிறது.

நாளைக்கு மூன்றாம் பாடம் அதே வகுப்பு. எடுத்துவிட்ட படங்களைத் திரும்பச் சேர்த்துவிட்டேன், நசுங்கிய குட்டியைத் தவிர. அதைப் பற்றி இன்னும் யோசனைதான். தரம் 6 உம்மா வாப்பாமார் யாரும் இதை வாசித்தால், காட்டலாமா வேண்டாமா என்று இன்று இரவுக்குள் எழுதுங்கள். சீல் தாய் வராது என்பதை மட்டும் எப்படியும் சொல்லத்தான் போகிறேன்.