கண்ணுக்குத் தெரியாத சரக்கு

மட்டாஞ்சேரி என்ற பெயரைக் கேட்டதுமே மிளகின் மணம் நினைவுக்கு வரும். பஜார் சாலையிலும் யூதர் தெருவிலும் வரிசையாக நிற்கும் பழைய பண்டகசாலைகள் எத்தனையோ தலைமுறைகளாக மிளகையும் சுக்கையும் ஏலத்தையும் கண்டவை. யூதரும் குஜராத்தியரும் கொங்கணியரும் தமிழரும் இவ்வூரில் அடுத்தடுத்துக் கடை விரித்தனர். 1957-ஆம் ஆண்டு முதல் இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தார் இங்கே மிளகின் முன்பேர வாணிபத்தை நடத்தி வந்தனர். நம்மவருள்ளும் இவ்வாணிபத்தை நம்பிப் பிழைத்தவர் பலர்: மூட்டை சுமந்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், சுக்கு பொறுக்கியும் மிளகு புடைத்தும் குடும்பம் காத்த தாய்மார்கள்.

ஆனால் ஒவ்வொரு மிளகு மூட்டைக்குள்ளும் தராசு காட்டாத மற்றொரு சரக்கும் இருக்கிறது. அதற்கு விலைச்சீட்டு கிடையாது. கப்பலேற்றும் பத்திரத்திலும் அதன் பெயர் இராது. ஆயினும், சரக்கு அக்கரையில் விலைபோகுமா, திரும்பி வருமா என்பதை முடிவு செய்வது பல சமயங்களில் அதுவே. நுண்ணுயிர்கள் என்று விஞ்ஞானிகள் அழைக்கும் கிருமிகளைத்தான் சொல்கிறோம். இம்மாதம் மிளகு ஒன்றையே எடுத்துக்கொண்டு, கொடியிலிருந்து நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி வரை அதைப் பின்தொடர்ந்து செல்வோம். வழியில் இக்கிருமிகள் எங்கெங்கே வந்து சேருகின்றன என்று பார்ப்போம்.

கொடியில்

மிளகுக் கொடிக்கு வரும் நோய்களில் கொடியது துரித வாட்டம். வயநாட்டிலும் இடுக்கியிலும் தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போது இது தலைகாட்டும். இலைகளில் கரும்புள்ளிகள் தோன்றும், அடித்தண்டு அழுகும், சில வாரங்களில் செழித்த கொடி முற்றும் பட்டுப்போகும். இதற்குக் காரணம் பைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிர். மண்ணில் பதுங்கியிருக்கும் இது, தேங்கிய நீரிலும் தெறிக்கும் மழைத்துளியிலும் ஏறிக் கொடிக்குக் கொடி பரவுகிறது.

இதை அடக்குவதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை உழவர் நெடுங்காலமாகத் தெளித்து வருகின்றனர். கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இதனோடு வேறொரு வழியையும் பரப்பியது. டிரைக்கோடெர்மா என்பது மண்ணில் வாழும் ஒரு நல்ல பூஞ்சணம். அது நோய் தரும் உயிரைச் சுற்றிப் பின்னி, அதன் உடலையே கரைத்து உணவாக்கிக் கொள்ளும். அதை வளர்த்தெடுத்து, மட்கிய தொழுவுரத்திலும் வேப்பம் பிண்ணாக்கிலும் கலந்து கொடியின் அடியில் இடுகின்றனர். பகையை அழிக்கப் பகைவனின் இனத்திலேயே நண்பனைத் தேடிய உபாயம் இது. ஒன்று மட்டும் நினைவில் இருத்தல் வேண்டும்: போர்டோ கலவை மண்ணில் விழுமாயின் நல்ல பூஞ்சணத்தையும் கொன்றுவிடும். ஆகையால் இரண்டையும் ஒரே வேளையில் மண்ணில் இடலாகாது.

களத்தில்

பறித்த பச்சை மிளகில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் நீர்தான். அதனை 11 சதவீதத்திற்குக் குறைத்தால்தான் மிளகு கெடாமல் நிற்கும். நூறு கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறத்தாழ 33 கிலோ கிடைக்கும். இந்த உலர்த்தும் நாட்களே மிளகின் வாழ்வில் மிகவும் ஆபத்தான நாட்கள்.

வெறுந்தரையிலோ சாலையோரத்திலோ மிளகைப் பரப்பினால் மண் ஒட்டும். கோழி மேயும், காகம் அமரும், பல்லி ஊரும், நாய் படுக்கும். பறவைகளின் குடலிலும் பல்லி ஓணான்களின் குடலிலும் சால்மனெல்லா என்னும் கிருமி இயல்பாகவே குடியிருப்பதுண்டு. டைபாய்டுக் காய்ச்சலைத் தரும் கிருமி இதன் உறவினமே. எச்சத்தின் வழியே மிளகில் ஏறும் இக்கிருமி, மிளகு காய்ந்தவுடன் செத்துவிடுவதில்லை. உறங்கிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஈரமும் உணவும் கிடைத்த இடத்தில் மீண்டும் விழித்துப் பெருகும். சரியாகப் பேணாத மிளகில் ஒரு கிராமுக்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட நுண்ணுயிர்கள் இருப்பது அரிதன்று. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் கூட்டத்தில் ஒரு திருடன் இருந்தால் போதுமல்லவா?

இதற்கு நிபுணர்கள் கூறும் பரிகாரம் மிகவும் எளியது. பச்சை மிளகைத் துளையிட்ட பாத்திரத்திலோ மூங்கில் கூடையிலோ இட்டு, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, பிறகு சுத்தமான பாயிலோ சிமெண்டுக் களத்திலோ பரப்புதல். இதனால் மேலே ஒட்டிய கிருமிகள் பெரிதும் மடிகின்றன. மிளகு விரைவில் காய்கிறது. நிறமும் ஒரே சீராகக் கருமை அடைகிறது. களத்தைச் சுற்றி வேலியோ வலையோ கட்டிக் கோழியையும் நாயையும் விலக்குதல் அடுத்த காரியம். இரண்டிற்கும் பெருஞ்செலவு இல்லை.

கப்பலில்

1981-82-ஆம் ஆண்டுகளில் நார்வே நாட்டில் நூறு பேருக்கு மேல் வயிற்றுநோய் கண்டது. ஆராய்ந்தபோது குற்றவாளி, கிருமி கலந்த மிளகு எனத் தெரிந்தது. 2009-10-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் மிளகு தூவிய இறைச்சிப் பண்டத்தை உண்டு 270 பேருக்கு மேல் நோயுற்றனர். இத்தகைய அனுபவங்களுக்குப் பின்னர், இறக்குமதி செய்யும் நாடுகள் மிளகின் மணத்தையும் கனத்தையும் மட்டும் பார்ப்பதில்லை. சால்மனெல்லா 25 கிராமில் ஒன்றுகூட இருத்தலாகாது என்று விதிக்கின்றன.

இவ்விதிக்கு அஞ்சிய வணிகர் சிலர் ஒரு குறுக்குவழியை நாடினர். எத்திலீன் ஆக்சைடு என்பது கிருமிகளைக் கொல்லும் வாயு. மருத்துவமனைக் கருவிகளைச் சுத்தம் செய்யப் பயன்படுவது. மூடிய அறையில் நறுமணப் பொருளை வைத்து இவ்வாயுவைச் செலுத்தினால் கிருமிகள் அழியும். பொருளின் மணமும் பெரிதும் குறையாது. ஆனால் அதன் எச்சம் பொருளில் தங்கக்கூடும். அவ்வாயுவோ மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. அமெரிக்கா ஓர் அளவு வரை இதனை அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் உணவில் இதனைப் பயன்படுத்தத் தடை விதித்துள்ளது. 2020-ஆம் ஆண்டில் இந்திய எள்ளில் இவ்வெச்சம் கண்டு ஐரோப்பாவெங்கும் பல பண்டங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் பெயர்பெற்ற இந்திய மசாலைப் பொடிகள் சிலவற்றை இதே காரணத்தால் விற்பனையிலிருந்து நீக்கின. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட நறுமணப் பொருள் வாரியம், அதன்பின் அவ்விரு இடங்களுக்கும் செல்லும் சரக்கை ஏற்றுமதிக்கு முன்பே சோதிக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது.

இங்கே ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. வாயுவின் தேவை ஏன் வந்தது? களத்தில் ஏறிய கிருமியைக் கிடங்கில் அழிக்க வேண்டியிருந்ததனால் அன்றோ? நீராவியால் கிருமி நீக்கும் முறை எச்சம் விடாதது. காமாக் கதிர்களால் கிருமி நீக்கும் முறையும் உண்டு. நவி மும்பையிலுள்ள வாஷியில் 2000-ஆம் ஆண்டில் நறுமணப் பொருள்களுக்கென அணுசக்தித் துறையினர் ஓர் ஆலையை நிறுவினர். இவை நல்ல வழிகளே. எனினும் இவற்றுக்கு இயந்திரமும் முதலும் வேண்டும். கோழியை விரட்டுவதற்கும் பாய் விரிப்பதற்கும் அவை வேண்டியதில்லை. அக்கரையிலிருந்து சரக்குத் திரும்பும்போது நட்டம் வணிகருக்கு மட்டும் அன்று. மூட்டை தூக்குபவர், புடைப்பவர் ஆகியோரின் அன்றாடக் கூலியும் அதோடு குறைகிறது.

இறாலும் அதே பாடமும்

மட்டாஞ்சேரியிலிருந்து காயலின் குறுக்கே பார்த்தால் வில்லிங்டன் தீவு தெரியும். 1957-இல் தொடங்கிய மத்திய மீன்தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் உள்ளது. மீனும் இறாலும் பிடித்த நேரத்திலிருந்து கெடாமல் காக்கும் வழிகளை ஆராய்வது அதன் பணி. 1997-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம், இறால் பதனிடும் ஆலைகளில் சுத்தம் போதாது என்று கூறி, இந்தியக் கடலுணவுக்கே தடை விதித்தது. ஆலைகள் ஒவ்வொன்றாகத் தம்மைத் திருத்திக்கொண்டு அனுமதி பெற வேண்டியதாயிற்று. சுத்தமான பனிக்கட்டி, குளோரின் கலந்த நீர், ஈ புகாத அறை, கைகழுவும் தொட்டி, நகம் வெட்டிய விரல்கள் என்பன போன்ற சிறு காரியங்களே அப்போது பெருங்காரியங்கள் ஆயின.

முடிந்த பண்டத்தைச் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து டன் மிளகில் 25 கிராம் கொண்ட பங்குகள் நான்கு இலட்சம் உள்ளன. அவற்றுள் ஐந்தையோ பத்தையோ எடுத்துச் சோதித்துவிட்டு, மற்றவை யாவும் தூயவை என்று எவர் உறுதி கூற முடியும்? அமெரிக்கர் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்க முற்பட்டபோது இதே சிக்கல் எழுந்தது. போதிய அளவு சோதித்தால் உண்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. சோதிக்காவிட்டால் விண்வெளியில் வயிற்றுநோய் வரலாம். ஆகவே, முடிவில் சோதிப்பதைவிட, செய்முறையின் எந்தெந்தப் படியில் ஆபத்து நுழையும் என்று கண்டு அந்தப் படியிலேயே காவல் வைப்பது என்னும் முறை 1960-ஆம் ஆண்டுகளில் உருவாயிற்று. இறால் ஆலைகள் இன்று கைக்கொள்ளும் முறையும் அதுவே.

அடுக்களையில்

இம்முறைக்குப் பெரிய ஆலை வேண்டுவதில்லை. ஒவ்வோர் இல்லத்து அடுக்களையும் ஒரு சிறு ஆலையே. அதன் அதிகாரி வீட்டுத் தலைவியும் தலைவனும். எங்கே காவல் வைப்பது?

முதற்காவல் அஞ்சறைப்பெட்டியில். கொச்சியின் மழைக்காலக் காற்றில் ஈரம் மிகுதி. நம் மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களில் மாதக்கணக்கில் கெடாத மிளகாய்ப்பொடி இங்கே எளிதில் கட்டி தட்டும். ஆகையால் முழுப்பொருளாக வாங்கி, மழைக்கு முன் நன்கு காயவைத்து, இறுக மூடிய கலத்தில் வைத்து, சிறுகச் சிறுகப் பொடித்துக்கொள்ளல் நலம். ஈரக் கரண்டி உள்ளே போகலாகாது. பூஞ்சணம் பிடித்த மிளகாய், நிலக்கடலை, சோளம் ஆகியவற்றை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்த எண்ணாதீர்கள். அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை அப்பூஞ்சணம் சுரந்திருக்கக்கூடும். பூஞ்சணத்தைத் துடைத்தாலும் வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் நஞ்சு முற்றும் போகாது. 1974-இல் குஜராத், இராஜஸ்தான் மாநிலங்களின் சிற்றூர்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு, கல்லீரல் கெட்டு நூறு பேருக்கு மேல் மாண்டனர். வறுமையினால் எறிய மனம் வராமல் உண்டவர்கள் அவர்கள். கால் கிலோ மிளகாயைவிட உயிர் பெரிது.

இரண்டாம் காவல் அடுப்பில். கொதிக்கும் ரசத்தில் இட்ட மிளகைப் பற்றிக் கவலை வேண்டா. சால்மனெல்லா கொதிநிலையைத் தாங்காது. மோரிலும், வெள்ளரித் துண்டின் மேலும், அடுப்பிலிருந்து இறக்கிய பண்டத்தின் மேலும் தூவும் மிளகே கவனத்திற்குரியது. அதற்கென உள்ள மிளகை நன்றாக வறுத்துப் பொடித்துக்கொண்டால் ஆபத்துப் பெரிதும் குறையும். நம் பாட்டிமார் வறுத்து இடித்ததில் மணம் மட்டுமன்றிப் பாதுகாப்பும் இருந்தது.

மூன்றாம் காவல் அடுப்பை அணைத்த பின்பு. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். அரிசியிலும் மிளகிலும் பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் இருப்பதுண்டு. இவ்வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். விழாவுக்கென அண்டாவில் பொங்கிய வெண்பொங்கல் ஐந்தாறு மணி நேரம் இளஞ்சூட்டில் கிடந்தால், அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். மீண்டும் சூடாக்கினாலும், வாந்தியை உண்டாக்கும் அந்நஞ்சு அழியாது. ஆகவே சமைத்ததை இரண்டு மணி நேரத்திற்குள் சூடாகப் பரிமாறிவிடுங்கள். மிஞ்சியதை அகன்ற தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, ஆறியவுடன் குளிர்பெட்டியில் வையுங்கள். நம் சங்கத்து விழாக்களில் அடுப்படிப் பொறுப்பேற்கும் அன்பர்கள் இதனை முக்கியமாக மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

நான்காம் காவல் நம் கைகளில். நாம் வாழ்வது காயலை ஒட்டிய தாழ்நிலம். பெருமழையில் கால்வாய் நீர் முற்றத்துக்கு வந்துவிடுகிறது. கழிவறைக் குழியும் கிணறும் அருகருகே இருக்கும் இடங்களும் உண்டு. அக்காலத்தில் குடிநீரைக் கொதிக்க வைத்தே அருந்துதல் வேண்டும். கழிவறை சென்று வந்த பின்னும், சமைக்கும் முன்னும், குழந்தைக்கு ஊட்டும் முன்னும் சோப்பிட்டுக் கைகழுவும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு இளமையிலேயே ஊட்டிவிடுங்கள்.

மலையடிவாரத்து உழவரும், மட்டாஞ்சேரிக் கிடங்கில் மிளகு புடைக்கும் பெண்ணும், வில்லிங்டன் தீவின் விஞ்ஞானியும், பிள்ளைக்குச் சோறூட்டும் தாயும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். எவரேனும் ஒருவர், பின்னால் வருபவர் சுத்தம் செய்துகொள்வார் என்று எண்ணிவிட்டால், அந்தக் கண்ணியில் கிருமி நுழைந்துவிடும். சேர்ந்த அழுக்கைப் பின்னர் நீக்குவது சிரமம். சேராமல் காப்பதே சிக்கனம்.

கிருமிகள் யாவும் பகை என்று எண்ணிவிட வேண்டா. நம் இட்டிலி மாவை ஒவ்வோர் இரவும் பொங்க வைப்பவையும் அவ்வினத்தவையே. அந்நண்பர்களைப் பற்றி அடுத்த இதழில் காண்போம்.