கடல் வரவுக்கு மாத பட்ஜெட் பொருந்துமா?

குடும்ப பட்ஜெட் பற்றிய அறிவுரைகள் எல்லாம் சம்பளக்காரர் வீட்டை மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன. முதல் தேதி வரவு. வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் போக மிச்சம் சேமிப்பு. திருவாடானை வட்டத்துக் காரங்காட்டிலும் அதையொட்டிய பாக் விரிகுடாக் கரை மீனவ ஊர்களிலும் அந்த முதல் வரியையே நிரப்ப முடியாது. ஒருநாள் பாடு, அதாவது மீன் வரத்து, நன்றாக இருக்கும். காற்று பலத்தால் படகு நாள்கணக்கில் கரையிலேயே கிடக்கும். அதற்காக அங்கே கணக்கு இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டுப் படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் பங்கு பிரிக்கிறார்களே, அதைவிடக் கறாரான பட்ஜெட் எது? குறை திட்டமிடலில் இல்லை. நல்ல பாட்டின் பணத்தை வறண்ட மாதம்வரை பத்திரமாக நிறுத்திவைக்க வழி போதவில்லை, அவ்வளவுதான்.

கிடைத்ததைக் குடித்தே தீர்ப்பவர்களுக்கு எந்த வழி உதவும் என்று கேட்பவர்கள் உண்டு. குடி இல்லை என்று வாதாடத் தேவையில்லை. ஆனால் மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தைப் பாருங்கள்: மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகின்றன. மீனவப் பெண்களுக்கும் இப்படியொரு திட்டம் உண்டு. பணம் தங்க இடம் இருந்தால் தங்குகிறது. வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்காவின் ஏழை வீடுகளது வரவு செலவைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான 'போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்' என்ற நூலும், வருமானக் குறைவோடு அதன் ஒழுங்கின்மையும் ஏற்ற நிதி வசதி இல்லாமையும் சேர்ந்தே அவர்களை வாட்டுவதைக் காட்டியது.

அரசு நிவாரணம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. அதற்கான நிவாரணத்தை 5,000இலிருந்து 8,000 ஆக்குவதாக 2023இல் மண்டபத்தில் முதல்வர் அறிவித்தார். 61 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய், அதுவும் ஒரு குடும்பத்துக்கு. மீதிப் பள்ளத்தை நிரப்புவது வியாபாரியின் முன்பணம். வாங்கியவர் அவரிடமே மீனைப் போட வேண்டும். வட்டி மீன் விலைக்குள் ஒளிந்துகொள்ளும். வலை கிழிந்த அன்றே பணம் தருபவர் அவர்தான் என்பதால் அவரை மட்டும் பழித்துப் பயனில்லை. விவசாயிக்குப் பயிர்க்கடனை அறுவடையை ஒட்டித் திருப்பச் சொல்கிறோம். கிசான் கடன் அட்டையை மீனவர்களுக்கும் விரிக்க 2018-19 மத்திய பட்ஜெட் முன்வந்தது. அதே நியாயத்தை வாரத் தவணைக் குழுக் கடன்களுக்கும் நீட்டி, தடைக்காலத்திலும் புயல் மாதங்களிலும் தவணையை நிறுத்திவைத்து, பாடு உள்ள மாதங்களில் கூட்டி வாங்கலாம்.