சத்தம் வாங்காதே, டயர் வாங்கு

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுங்கை ரம்பாயில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. கை கழுவிவிட்டு வருவதற்குள் அக்கா மகன் கைப்பேசியை நீட்டினான். திரையில் ஒரு பழைய கஞ்சில். வெள்ளை நிறம், கதவில் ஒரு ஒடுக்கு, விலை 3,500 வெள்ளி.

"மாமா, இத வாங்கி ஆட்டோகிராஸ் ஓட்டப் போறேன். கையில 7,000 இருக்கு. மீதிக் காசுக்கு டர்போ ஹாஃப் கட் இறக்கிடலாம்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க."

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ரேஸா? அவனுக்குப் புத்தி சொல்லுவேன்னு பாத்தா, நீயும் சேந்து படம் பாத்துக்கிட்டு இருக்க!"

அக்காவின் பயத்துக்குக் காரணம் உண்டு. நான் ஐந்தாம் படிவம் படித்தபோது, எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் இரவில் தோட்டத்துச் சாலையில் போட்டி ஓட்டி இறந்துபோனான். நேரான சாலை, விளக்கு கிடையாது, இரண்டு பக்கமும் செம்பனை. அந்த வீட்டுக்கு அக்கா இன்றும் தீபாவளிப் பலகாரம் கொண்டுபோகிறார். அங்கே யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

அதனால் முதலில் அக்காவை உட்கார வைத்து, ஆட்டோகிராஸ் என்றால் என்ன என்று சொன்னேன். மூடிய திடலிலோ பெரிய கார் நிறுத்துமிடத்திலோ ஆரஞ்சு நிறக் கூம்புகளை அடுக்கி வளைந்து வளைந்து ஒரு பாதை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். போட்டி கடிகாரத்தோடுதான். கூம்பைத் தட்டினால் நேரத்தோடு சில வினாடிகளைக் கூட்டிவிடுவார்கள். பாதை நெருக்கமானது என்பதால் பெரும்பாலும் இரண்டாவது கியரைத் தாண்ட வேண்டியதில்லை. நம் நாட்டில் ஜிம்கானா, ஸ்லாலம் என்ற பெயர்களிலும் இதே வகைப் போட்டிகள் நடக்கின்றன.

"எதிர்ல லாரி வராதா?" என்று கேட்டார் அக்கா. வராது என்றேன். "அப்ப சரி, மேல சொல்லு" என்றார்.

இனி கார் விஷயம். அவன் தேர்வில் தவறில்லை. பெரோடுவா 1994-இல் கஞ்சிலை வெளியிட்டபோது அதில் இருந்தது 659 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். சக்தி ஏறக்குறைய 31 குதிரைத்திறன்தான். ஆனால் கார் எடை குறைந்தது. கூம்புகளுக்கு நடுவே திரும்பவும் நிற்கவும் எடை குறைந்த கார்தான் சுலபம். டயரும் பிரேக்கும் மெதுவாகத் தேயும், உதிரிபாகமும் மலிவு. கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் 2001-இல் வந்த கெலிசா, 2005-இல் வந்த முதல் மைவி ஆகியவையும் நல்ல தேர்வுதான். புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ மீது எல்லோருக்கும் ஆசை உண்டு. ஆனால் சேகரிப்பவர்கள் தேடி வாங்குவதால், அது இப்போது மலிவுக் காராக இல்லை.

வாங்கும்போது பெயிண்டைப் பார்த்து ஏமாறக்கூடாது. கால்மிதியைத் தூக்கித் தரைத் தகட்டில் துரு இருக்கிறதா, முன்பக்கம் அப்சார்பர் பொருத்தும் இடத்தில் வெல்டிங் அடையாளம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். விபத்தில் சிக்கிய இரண்டு கார்களின் பாதிகளை ஒட்டிய கார்களும் சந்தையில் உண்டு. சீட்டுக்கு அடியில் சேற்று வாடை அடித்தால் வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம். கிராண்டில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் காரில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிட வேண்டும்.

அடுத்து, மீதி 3,500 வெள்ளி. அதை டர்போவில் போடாதே என்றேன். 31 குதிரைத்திறனுக்காகச் செய்த பிரேக்கும் கியர்பாக்ஸும் குளிரூட்டும் வசதியும் அப்படியே இருக்க, இன்ஜினை மட்டும் மாற்றினால் ஒன்று மாற்றி ஒன்று கெட்டுக்கொண்டே இருக்கும். மேலும் இன்ஜின் மாற்றத்தை ஜேபிஜேயில் பதிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திங்கட்கிழமை காலை அதே காரில்தான் அவன் மெர்லிமாவில் வேலைக்குப் போக வேண்டும்.

ஒரு தாளில் நாங்கள் இருவரும் எழுதிய வரிசை இது.

முதலில் அடிப்படைப் பழுது: டைமிங் பெல்ட், தண்ணீர்க் குழாய்கள், இன்ஜின் மவுண்டிங்.

இரண்டாவது பிரேக். நல்ல பிரேக் பேட், புதிய பிரேக் எண்ணெய். பிரேக் எண்ணெய் நாளாக ஆகக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டில் கொதித்தால், மிதித்த கால் பலகைவரை போய்விடும்.

மூன்றாவது அப்சார்பர், ரப்பர் புஷ், வீல் அலைன்மெண்ட். காரைத் தாழ்த்துகிறேன் என்று ஸ்பிரிங்கை வெட்டும் வேலை வேண்டவே வேண்டாம். வெட்டிய ஸ்பிரிங் தன் இடத்தில் சரியாக உட்காராது.

நான்காவது டயர். காருக்கும் தரைக்கும் உள்ள தொடர்பு உள்ளங்கை அளவுள்ள நான்கு இடங்கள்தான். தேய்ந்த டயரில் எந்த இன்ஜினும் உதவாது. போட்டியன்று டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். கோடு பக்கச் சுவர்வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். காசு செலவில்லாத சோதனை.

ஐந்தாவது தலைக்கவசம். மாற்று டயர், ஜாக், டப்பாக்கள் எல்லாவற்றையும் போட்டிக்கு முன் காரிலிருந்து இறக்கிவிட வேண்டும். எடையும் குறையும், எதுவும் உருண்டு பெடலுக்கு அடியில் வராது.

கடைசி 1,000 வெள்ளியைத் தொடக்கூடாது. அது நுழைவுக் கட்டணத்துக்கும் பெட்ரோலுக்கும். ஓட்டி ஓட்டிப் பழகினால்தான் நேரம் குறையும்.

"எக்ஸாஸ்ட்?" என்று இழுத்தான். "அது அக்கம்பக்கத்துக்குத்தான் கேக்கும். கடிகாரத்துக்குக் கேக்காது" என்றேன்.

சின்ன இன்ஜின் என்று முகம் சுளிப்பவர்களுக்குக் கோயம்புத்தூர்க் கதை ஒன்று உண்டு. அந்த ஊர் கரிவரதன், மாருதி 800 காரின் 796 சிசி இன்ஜினை வைத்து, செலவு குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். அந்தப் பந்தயத்தில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டன் குழுவுக்காக ஃபார்முலா ஒன் ஓட்டினார். நம் நாட்டிலும் கரம்ஜித் சிங் இருக்கிறார். 2002-இல் உலக ராலிப் போட்டியின் உற்பத்திக் கார் பிரிவில் வாகை சூடிய அவர் ஓட்டியது புரோட்டோன் பெர்ட்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தனியார் கார்களுக்கான வழக்கமான காப்புறுதி, பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தராது. ஏற்பாட்டாளர் முறையாக அனுமதி பெற்றவரா, திடலில் மருத்துவ வண்டி நிற்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. பிள்ளையை "போகாதே" என்று மட்டும் சொன்னால், அவன் போகும் இடம் நமக்குத் தெரியாமல் போய்விடும். இரவு பதினொரு மணிச் சாலையைவிட, பகல் பதினொரு மணித் திடல் எவ்வளவோ மேல்.

அவன் அந்தக் காரை வாங்கவில்லை. கால்மிதியைத் தூக்கியதும் துரு தெரிந்தது. மூன்று வாரம் தேடி வேறொரு கஞ்சில் வாங்கினான். முதல் போட்டிக்கு அக்காவும் வந்தார், கையில் நாசி லெமாக் பொட்டலங்களோடு. அவன் பிரிவில் கடைசிக்கு முந்திய இடம். ஆனால் முதல் ஓட்டத்தைவிடக் கடைசி ஓட்டத்தில் நான்கு வினாடி குறைந்திருந்தது. எந்தக் கூம்பும் விழவில்லை.

திரும்பி வரும்போது அந்தத் தோட்டத்துச் சாலை வந்தது. அவன் ஐம்பதில் ஓட்டினான். பின்சீட்டில் அக்கா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.