மிஷின் ஒன்று... முகம் எத்தனை?

"அப்பாவுக்கு ஷேவிங் மிஷின் ஒண்ணு வாங்கித் தரலாம்னு இருக்கேன். எந்தக் கம்பெனி நல்லது டாக்டர்?"

நீலகிரியில் பனி இறங்க ஆரம்பித்துவிட்டால் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். சித்த வைத்தியனிடம் வந்து கேட்கிற கேள்வியா இது என்று நினைக்காதீர்கள். தோலைத் தொடுகிற எதுவும் வைத்தியன் சமாசாரம்தானே! ஊட்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அந்த நேரத்தில் கன்னத்தை நனைத்து, நுரை போட்டு, ப்ளேடை வைப்பதென்றால் யாருக்கும் நடுக்கம்தான். தண்ணீரே இல்லாமல் 'சர்ர்'ரென்று வேலையை முடிக்கிற மிஷின் மேல் ஆசை வருவதில் தப்பே இல்லை.

ஆனால், கம்பெனி பெயரைக் கேட்கிறவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் கேட்பதில்லை. மிஷின் யாருடைய முகத்துக்கு? என்னைக் கேட்டால், இதற்குப் பதில் தெரிந்துகொண்ட பிறகுதான் கடைப் படியே ஏற வேண்டும் என்பேன்.

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். அப்பா உபயோகித்த ப்ளேடை மகன் தொடமாட்டான். சலூனில் உட்கார்ந்தால், "புது ப்ளேடு போடுங்கண்ணே" என்று கண்ணெதிரே உறையைப் பிரிக்கச் சொல்வான். நல்ல பழக்கம். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழு ஹெச்.ஐ.வி. கிருமி இந்தியாவுக்குள் வந்துவிட்டதைக் கண்டறிந்து சொன்னது. அதற்குப் பிறகு வந்த பயமும் பிரசாரமும் 'ஆளுக்கு ஒரு ப்ளேடு' என்ற வழக்கம் பரவ உதவின. அதே வீட்டுக்குள் மிஷின் வந்துவிட்டால் என்ன நடக்கிறது? காலையில் அப்பா, அடுத்து காலேஜ் போகிற பிள்ளை, லீவுக்கு வந்த மாப்பிள்ளை... எல்லோருக்கும் ஒரே மிஷின்! 'இவ்வளவு விலை கொடுத்து வாங்கியாச்சு, எல்லோருக்கும் பயன்படட்டுமே' என்ற தாராள மனசு.

மிஷினுக்குள் இருப்பதும் ப்ளேடுதாங்க. துளை போட்ட மெல்லிய தகடு மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. துளை வழியாக நுழைகிற முடியை உள்ளே இருக்கும் கத்தி வெட்டுகிறது. அழுத்தித் தேய்த்தால் தோலில் நுண்ணிய சிராய்ப்பு விழத்தான் செய்யும். தோல் செதிலும், எண்ணெய்ப் பிசுக்கும், சில சமயம் ரத்தக் கசிவும் உள்ளே போய்த் தங்கும். ஹெச்.ஐ.வி. உடம்புக்கு வெளியே சீக்கிரம் வலுவிழந்துவிடும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியோ வெளியே 7 நாட்கள்கூட வீரியத்தோடு இருக்கக் கூடியது. படர்தாமரையும் மருவும்கூட ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு இப்படித் தாவலாம். அதனால் ஒரு மிஷின், ஒரு முகம். இதில் அப்பா பிள்ளை, அண்ணன் தம்பி என்ற சலுகையே கிடையாது.

சரி, வீட்டில் ஒருவருக்குத்தான் வாங்க முடியும் என்றால் யாருக்கு? சம்பாதிக்கிற பிள்ளைக்கு அல்லது புது மாப்பிள்ளைக்கு என்றுதான் பொதுவாக முடிவாகும். என் ஓட்டு வீட்டில் இருக்கும் பெரியவருக்கு. சர்க்கரை வியாதி உள்ளவருக்குக் காயம் ஆற நாளாகும், சீழும் பிடிக்கலாம். இதய அடைப்புக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சின்னக் கீறல்கூட ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். போதாததற்குக் கை நடுக்கம், பார்வைக் குறைவு. எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருந்து வளைந்து வளைந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் வீட்டுக்காரர்களுக்குப் பாதி உயிர் போய்விடும். இப்படிப்பட்டவர்கள் ப்ளேடைத் தவிர்த்து எலெக்ட்ரிக் ஷேவர் உபயோகிப்பதே நல்லது என்றுதான் ஆங்கில மருத்துவர்களும் சொல்கிறார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவுக்கு மகனோ பேரனோ பயமில்லாமல் சவரம் செய்துவிடலாம். பத்து நாள் தாடியோடு சுவரைப் பார்த்துக் கிடந்தவர், முகத்தைச் சுத்தம் செய்துவிட்டதும் கண்ணாடி கேட்பார் பாருங்கள்... அந்தச் சந்தோஷத்துக்கு என்ன விலை போடுவீர்கள்?

இனி வகையைப் பார்ப்போம். மிஷினில் முக்கியமாக இரண்டு ஜாதி. நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓடும் கத்தியின் மேல் சல்லடைத் தகடு வைத்தது ஒன்று. அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் 1931-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த எலெக்ட்ரிக் ஷேவரிலும் கத்தி நேர்கோட்டில்தான் ஓடியது. வட்டமாகச் சுழலும் தலைகள் வைத்தது இன்னொன்று. 1939-ல் ஹாலந்தின் பிலிப்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. தினமும் சவரம் செய்கிறவருக்குச் சல்லடை வகை வழவழப்பு தரும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை செய்கிறவருக்கும், பல திசையில் முடி முளைக்கிறவருக்கும் சுழல் வகை வசதி. எதுவானாலும் தோல் பழக மூன்று நான்கு வாரம் பிடிக்கும். முதல் வாரத்திலேயே 'எரியுது, சரியில்லை' என்று பரணில் தூக்கிப் போடாதீர்கள்.

முகம் நிறையப் பரு உள்ள பிள்ளைகளுக்கு இரண்டுமே வேண்டாம், பரு உடைந்துவிடும். சுருட்டை முடிக்காரர்களுக்கு ஒட்ட மழித்தால் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாகும். இவர்களுக்குக் கொஞ்சம் முடியை விட்டுவைக்கும் டிரிம்மரே போதும். தோல் ஆரோக்கியமாக இருக்கிற, கை நடுங்காத வாலிபருக்கு மிஷினே அவசியமில்லை. சொந்த ப்ளேடும், சுடுதண்ணீரும், பொறுமையும் போதும்.

பெண்கள் கூச்சத்தோடு கேட்பதையும் சொல்லிவிடுகிறேன். உதட்டின் மேல், தாடையில் உள்ள பூனை முடியை ஷேவரால் எடுத்தால் கட்டையாக முளைக்கும் என்பது வெறும் பயம். 1928-லேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, மழிப்பதால் முடி வளர்ச்சி மாறுவதில்லை என்று அளந்து காட்டியிருக்கிறார். வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் தடித்த மாதிரி தெரிகிறது. ஆனால் தடித்த முடி திடீரென்று முளைத்து, மாதவிலக்கும் தள்ளிப் போனால், கஸ்தூரி மஞ்சளைப் பூசிக்கொண்டு காத்திருக்காதீர்கள். சினைப்பை நீர்க்கட்டியோ வேறு ஹார்மோன் கோளாறோ இருக்கிறதா என்று பரிசோதித்தே ஆக வேண்டும்.

நம்ம மலைக்கென்று சில எச்சரிக்கைகள். பேட்டரி குளிரில் சோர்ந்து போகும். 5 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடாதே என்று பல மிஷின்களின் கையேட்டிலேயே இருக்கும். ஜன்னலோரம் வைக்காமல் அறைக்குள் வையுங்கள். மூடுபனி ஈரத்தோடு முகம் இருந்தால் நன்றாகத் துடைத்த பிறகே உலர் மிஷினை ஓட்டுங்கள். சவரம் முடிந்ததும் 'கிருமி சாகும்' என்று யூகலிப்டஸ் தைலத்தை அப்படியே பூசுகிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம், எரிந்து புண்ணாகும். கற்றாழைச் சோறு அல்லது இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். படிகாரக் கல் நல்லதுதான், அதுவும் சொந்தக் கல்லாக இருக்கட்டும். வாங்கும்போதே மாற்றுத் தகடு ஊட்டியிலோ கோவையிலோ கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். கத்தி மழுங்கிய மிஷின் முடியைப் பிடுங்கும்.

தேரையர் 'பிணி அணுகா விதி'யில் சவரத்தையும் சேர்த்தார். அவர் கணக்கு, அரை மாதத்துக்கு இரண்டு தடவை. ஆபீஸ் போகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாதுதான். ஞாயிற்றுக்கிழமையாவது தோலுக்கு லீவு விடலாமே!

மிஷின் வாங்கி வந்ததும் முதல் வேலையாக, பெட்டியின் மேல் அது யாருடையதோ அவர் பெயரை எழுதி வையுங்கள். மற்றவர் கை நீட்டினால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் கஞ்சனாக இருப்பது குடும்பத்துக்கே நல்லது.