ஆவர்த்தன அட்டவணை எங்கே?

செயற்கை நுண்ணறிவை மூன்றாம் வகுப்பு முதலே புகட்டப் போவதாக மத்திய சர்க்கார் 2025 அக்டோபரில் அறிவித்தது. நல்லது. யந்திரத்தைக் கண்டு மிரளுகிறவர்கள் அல்ல நாம். ஆனால் அதே சர்க்காரின் என்.சி.இ.ஆர்.டி. 2023இல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு என்ற பாடத்தையே காணோமே, அதற்கு என்ன சமாதானம்?

சுமை குறைப்பு என்றார்கள். பதினோராம் வகுப்பில் இருக்கிறது என்றார்கள். அங்கே விஞ்ஞானம் எடுக்காத பிள்ளைக்கு? பத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலை தேடும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு? மெண்டலீவ் 1869இல் வகுத்த அட்டவணையை அவர்கள் படிக்கவே வேண்டாமா?

புதுவைக்கு இது நேரடியான அடி. நமது சர்க்கார் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றி வந்தன. அதில் பத்தாம் வகுப்பிலேயே இந்தப் பாடம் உண்டு. 2024-25இல் பத்தாம் வகுப்பையும் சி.பி.எஸ்.இ.க்கு மாற்றினார்கள். எல்லைக்கு அப்பால் கோட்டக்குப்பத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் பாடம், இப்பால் முத்தியால்பேட்டைப் பிள்ளைக்கு இல்லாமல் போயிற்று!

ரசாயனத்தில் கம்ப்யூட்டரின் உதவி புதிதல்ல. 1965இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் தொடங்கிய 'டென்ட்ரல்', நிறை நிறமாலையைக் கொண்டு மூலக்கூறின் அமைப்பை ஊகித்தது. புரதங்களின் வடிவத்தைக் கணித்த ஹசாபிஸ், ஜம்பர் இருவருக்கும் 2024இல் ரசாயன நோபல் பரிசில் பாதி கிடைத்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் ஆராய்ச்சியாளர்கள் வகுப்பறைப் பக்கமும் மும்முரமாகத் திரும்பினார்கள். மாணவரின் விளக்கத்தை யந்திரம் திருத்துவது, கேள்வி தயாரிப்பது, யந்திரத்தின் விடையில் மாணவரையே பிழை கண்டுபிடிக்கச் சொல்வது என்று பல வழிகள்.

கடைசியாகச் சொன்னதே நமக்குப் பிடித்தது. ஏனெனில் யந்திரம் தப்பையும் சரளமாகச் சொல்லும். குளோரின் அணுவின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் என்று அது சொன்னால், அட்டவணை தெரிந்த பிள்ளை "பதினேழாம் தொகுதி ஆயிற்றே, ஏழுதான்" என்று மடக்கும். தெரியாத பிள்ளை அப்படியே எழுதி வைக்கும். பிள்ளையின் கையிலிருந்து அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டு, அமெரிக்க ஏகபோகக் கம்பெனியின் சரக்கை நம்பு என்பதா கல்வி?

தமிழில் கேட்டால் இந்த யந்திரங்கள் ரசாயனத்தில் எங்கே சறுக்குகின்றன என்பதைப் புதுவைப் பல்கலைக் கழகமும் தாகூர் கல்லூரியும் சோதித்துப் பார்த்து உபாத்தியாயர்களுக்குச் சொல்லட்டும். கல்வி இலாகா, விடுபட்ட பாடத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிறு நூலாக அச்சிட்டு, பத்தாம் வகுப்பு மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் இலவசமாக வழங்க வேண்டும். பதினாறு பக்கம் அச்சடிக்க டில்லியின் தயவு தேவையில்லை.