உள்ளே வரும் டிரம்முக்கு உண்டு, வெளியே போகும் தண்ணீருக்கு இல்லை

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்,
கிண்டி, சென்னை.



திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு வந்து இறங்கும் ரசாயன டிரம்களோடு பாதுகாப்புத் தரவுத்தாள் ஒன்றும் வரும். பதினாறு பிரிவுகள் கொண்ட தாள் அது. கண்ணில் பட்டால் என்ன செய்வது, தீப்பிடித்தால் எதை ஊற்றுவது என்பதையெல்லாம் தாண்டிப் பன்னிரண்டாம் பிரிவுக்கு வந்தால், பெரும்பாலும் ‘டாஃப்னியா, 48 மணி நேரம்’ என்று போட்டு, எதிரே லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என ஓர் எண் இருக்கும். டாஃப்னியா என்பது குளம் குட்டைகளில் துள்ளித் துள்ளி நீந்தும் நன்னீர் உயிரி. வளர்ந்தாலும் ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர்தான். தமிழில் நீர்த்தெள்ளு. அந்தச் சரக்கை எந்த அளவில் கரைத்தால் நீர்த்தெள்ளுகளில் பாதி இரண்டு நாளில் நீந்த முடியாமல் முடங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுக்கு ஒரு டன்னோ அதற்கு மேலோ ஒரு ரசாயனத்தைத் தயாரிப்பவர், அல்லது இறக்குமதி செய்பவர், ரீச் சட்டத்தின்கீழ் அதைப் பதிவுசெய்யும்போது பொதுவாக இந்தச் சோதனை முடிவைக் கொடுத்தாக வேண்டும்.

ஆக, பட்டறைக்குள் வரும் டிரம்முக்கு நீர்த்தெள்ளுக் கணக்கு உண்டு. அந்த டிரம் காலியான பிறகு ஓடையை நோக்கிப் போகும் தண்ணீருக்கு அந்தக் கணக்கு இல்லை. அதைக் கேட்டுத்தான் இந்த மடல்.

நம் சட்டத்தில் உயிரிச் சோதனையே கிடையாது என்று சொல்ல வரவில்லை. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் ஆறாம் அட்டவணையில், கழிவுநீருக்கான பொதுவான அளவுகோல்களுக்கு நடுவே ஒரு வரி இருக்கிறது: முழுக் கழிவுநீரில் 96 மணி நேரம் விட்டுவைத்த மீன்களில் 90 சதவீதம் உயிரோடு இருக்க வேண்டும். (இந்த வரியைச் சேர்த்தவர் யாரோ, நல்ல காரியம் செய்திருக்கிறார்.) ரசாயனப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அதில் இல்லாத ஒன்று தண்ணீரில் இருக்கத்தான் செய்யும், அதைக் கண்டுபிடிக்க ஓர் உயிரையே கேட்டுவிடுவோம் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. கேட்டது மீனிடம் மட்டும் என்பதுதான் எங்கள் குறை.

பட்டியலையே சற்றுப் பாருங்கள். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை தாமிரம் இருக்கலாம், 1 மில்லிகிராம் வரை எஞ்சிய குளோரின் இருக்கலாம் என்கிறது அட்டவணை. நீர்த்தெள்ளுகளை முடக்க, மென்மையான நீராக இருந்தால், தாமிரம் அதில் முப்பதில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. குளோரினும் பத்தில் ஒரு பங்குக்குக் கீழேயே வேலையை முடித்துவிடும். அளவுகோலை வகுத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஆற்றில் ஓடும் நல்ல தண்ணீர் கழிவை நீர்க்கச் செய்துவிடும் என்று நம்பி வகுத்த எண்கள் அவை. வெள்ளியங்கிரியில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யலில், ஆண்டின் பெரும்பகுதி ஓடுவதே கழிவுநீர்தான். எதில் போய் எது நீர்க்கும்? அதன் குறுக்கே பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப்போன கதையை வாரியத்துக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

மீன் பிழைத்த தண்ணீரில் மற்றவை பிழைக்கவில்லை என்பதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1980களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க நகரங்கள் பலவற்றின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒரு விசித்திரமான சிக்கலில் மாட்டின. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 1984 முதலே, சுத்திகரித்த நீரை முழுசாக எடுத்து உயிர்களை அதில் விட்டுப் பார்க்கும் கொள்கையை முன்னெடுத்திருந்தது. பல ஊர்களில் ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீன் அந்த நீரில் சௌக்கியமாக நீந்தியது; செரியோடாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு இறந்தது. உயிர்வழி ஆக்சிஜன் தேவை (பி.ஓ.டி.) சரி, வேதிவழி ஆக்சிஜன் தேவை (சி.ஓ.டி.) சரி, உலோகங்கள் சரி. தொழிற்சாலையே இல்லாத ஊர்களிலும் இதே நிலை.

மினசோட்டாவின் டுலூத் நகரிலுள்ள அந்த முகமையின் ஆய்வகம் வகுத்துக் கொடுத்த முறையில் தேடினார்கள். தண்ணீரைப் பல பங்காகப் பிரிப்பது. ஒன்றை வடிகட்டுவது, ஒன்றில் காற்றை ஊதுவது, ஒன்றில் உலோகத்தைக் கட்டிப்போடும் பொருளைச் சேர்ப்பது, ஒன்றைக் கரிமப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும் குழாய் வழியே விடுவது. பிறகு எந்தப் பங்கில் நீர்த்தெள்ளு பிழைக்கிறது என்று பார்ப்பது. இதில் ஒரு கெட்டிக்காரத்தனமான படி உண்டு. பைப்பரோனில் பியூடாக்சைடு என்ற பொருளைச் சேர்த்ததும் சில மாதிரிகளில் நச்சு மறைந்தது. டயசினான் போன்ற பாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் உயிரியின் உடலுக்குள் போய், அங்குள்ள நொதி மாற்றிக் கொடுத்த பிறகுதான் முழு நஞ்சாகின்றன. அந்த நொதியை இந்தப் பொருள் தடுத்துவிடுகிறது. ஆகவே குற்றவாளி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்று தெரிந்தது. பெயர் டயசினான். வீட்டுத் தோட்டத்துக்கும் கரப்பான் பூச்சிக்கும் தெளித்து, கையையும் வாளியையும் கழுவி, மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றியதில் சேர்ந்த டயசினான். லிட்டருக்கு அரை மைக்ரோகிராம் அளவிலேயே செரியோடாஃப்னியாவைக் கொன்றுவிடுகிறது. ஃபேட்ஹெட் மின்னோவைக் கொல்ல அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு வேண்டும். மீன்களை மட்டும் கேட்டிருந்தால் எல்லாத் தண்ணீருமே நல்ல தண்ணீர்தான். வீட்டு உபயோகத்திலிருந்து டயசினானை விலக்கும் உடன்பாடு 2000 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, 2004 இறுதியில் கடை விற்பனை நின்றது. அதற்கு மனிதர்களின் உடல்நலம் பற்றிய அச்சம் பெரிய காரணம். ஆனாலும் ஊர்த் தண்ணீரில் அது இருப்பதை முதலில் காட்டிக்கொடுத்தவற்றில் நீர்த்தெள்ளும் ஒன்று.

காலிங்கராயன் வாய்க்காலின் இருபுறமும் மஞ்சளுக்கும் வாழைக்கும் தெளிப்பவையும், ஈரோட்டின் சாக்கடைகளில் கலப்பவையும் பூச்சிமருந்துகளே. குளோர்பைரிபாஸும் சைபர்மெத்ரினும் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவிலோ அதற்குக் கீழோ நீர்த்தெள்ளை முடக்கக்கூடியவை. வாரியம் ஆலைகளில் பொருத்தச் சொல்லியிருக்கும் தொடர் கண்காணிப்புக் கருவிகள் அமிலத்தன்மையையும் சி.ஓ.டி.யையும் நொடிக்கு நொடி அனுப்பும். நஞ்சு என்று ஒரு எண்ணை அனுப்பும் கருவி அவற்றில் இல்லை.

சோதனையின் செலவைப் பற்றிக் கேள்வி எழும் என்பதால், அது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (ஓ.இ.சி.டி.) 202ஆம் எண் வழிகாட்டி, 2004இல் திருத்தப்பட்ட வடிவில், சொல்லும் முறை இது. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை எடுக்க வேண்டும். நல்ல காலத்தில் நீர்த்தெள்ளு ஆண் துணையின்றியே பெண் குஞ்சுகளை ஈனும். தாயின் அச்சு அசலான மகள்கள். ஒரே வம்சம் என்பதால் முடிவுகள் சிதறுவது குறைவு. ஒரு குவளைக்கு ஐந்து, ஒவ்வோர் அளவுக்கும் நான்கு குவளை, மொத்தம் இருபது. கழிவுநீரானால் முழுக் கழிவு, பாதி, கால் என்று ஐந்து நிலைகளில் நீர்க்கச் செய்து, சுத்தமான நீரில் ஒரு தொகுதியை ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். ஒரு குஞ்சுக்கு 2 மில்லிலிட்டர் தண்ணீர் போதும். வெப்பம் 18 முதல் 22 டிகிரிக்குள். 48 மணி நேரம் தீனி கிடையாது. 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் குவளையை மெல்ல அசைத்துவிட்டு 15 விநாடி பார்க்க வேண்டும். அதற்குள் நீந்தாவிட்டால் முடங்கியது என்று கணக்கு. ‘செத்தது’ என்று எழுதுவதில்லை, ஏனென்றால் இவ்வளவு சிறிய உயிர் செத்ததா இல்லையா என்று அடித்துச் சொல்வது கடினம். நீந்தவில்லை என்பதை யாரும் பார்த்துச் சொல்லலாம். சுத்த நீரில் இருந்தவற்றில் பத்து சதவீதத்துக்கு மேல் முடங்கினால் சோதனையே செல்லாது. ஆய்வகத்தின் நேர்மையைச் சோதிக்கவும் வழி உண்டு: பொட்டாசியம் டைகுரோமேட்டில் விட்டுப் பார்த்தால், 24 மணி நேரத்தில் பாதி முடங்கும் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு தண்ணீரில் இல்லை, ஆய்வகத்தில்.

குவளை, விளக்கு, குளிரூட்டிய அறை, ஒரு சாதாரண உருப்பெருக்கி, பொறுமையுள்ள ஓர் ஆய்வக உதவியாளர். விலங்கியல் முதுகலைப் படிப்புள்ள எந்தக் கல்லூரியும் செய்யலாம். மீன் சோதனைக்கு முதுகெலும்புள்ள உயிர்களைத் தொட்டி தொட்டியாகப் பலிகொடுக்க வேண்டும். ஜெர்மனி 2005 முதல் வழக்கமான கழிவுநீர்ச் சோதனையில் மீனை விட்டுவிட்டு மீன்முட்டைக்கு மாறியதே அதைத் தவிர்க்கத்தான்.

இனி, ஆட்சேபணைகள். தொழில்துறையினர் முதலில் சொல்லப்போவது உப்பைப் பற்றி. சாயக்கழிவில் டி.டி.எஸ். (கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு) அதிகம், நன்னீர்ப் பூச்சி உப்பில் சாவதில் என்ன ஆச்சரியம், அது நஞ்சில்லையே என்பார்கள். பாதி நியாயம். டாஃப்னியா மேக்னா உப்பை ஓரளவு தாங்கும். செரியோடாஃப்னியா அதில் பாதியைக்கூடத் தாங்காது. ஒப்பீட்டுத் தொகுதியின் நீரில் அதே அளவு உப்பைக் கலந்து இன்னொரு வரிசை வைத்தால் உப்பின் பங்கு தனியே தெரிந்துவிடும். மறு பாதிக்கு எங்கள் பதில்: நொய்யல் நன்னீர் ஆறு. அதில் நன்னீர் உயிர் வாழ முடியாத அளவு உப்பை ஏற்றிவிட்டு ‘வெறும் உப்புதானே’ என்று சொல்ல, திருப்பூருக்கும் கரூருக்கும் இடையே கிணறு வைத்திருக்கும் எந்த விவசாயியின் முன்னாலும் யாருக்கும் தைரியம் வராது.

இரண்டாவது ஆட்சேபணை கனமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பிறகு, பூஜ்ய வெளியேற்றம் என்ற நிபந்தனையோடுதான் அவை திரும்ப இயங்குகின்றன. வெளியேற்றமே இல்லாதபோது எதைச் சோதிப்பது? ஆற்றைச் சோதியுங்கள் என்கிறோம். மழைக்காலம்தோறும் நொய்யலில் நுரை பொங்குவதாகச் செய்தி வருகிறது. பூஜ்யம் பூஜ்யமாகத்தான் இருக்கிறதா என்பதை ஆலையின் வாசலில் நின்று பார்ப்பதைவிட, ஆலைக்கு மேலேயும் கீழேயும் ஆற்று நீரில் இருபது குஞ்சுகளை விட்டுப் பார்ப்பது சுலபம். ஒழுங்காக நடத்தும் பட்டறை முதலாளிக்கும் இது பாதுகாப்பு. இரவில் திறந்துவிடுபவனுக்கும் சேர்த்து அவர் பழி சுமக்க வேண்டியதில்லை.

மூன்றாவதை நாங்களே எழுப்புகிறோம். டாஃப்னியா மேக்னா குளிர்நாட்டு உயிரி. 20 டிகிரியில் வரும் முடிவு நம் 30 டிகிரித் தண்ணீருக்கு அப்படியே பொருந்தாது. அது எல்லா நஞ்சுக்கும் கூர்மையான சாட்சியும் இல்லை. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து டாஃப்னியாவை முடக்க லிட்டருக்குப் பல்லாயிரம் மைக்ரோகிராம் வேண்டும். கைரோனமஸ் என்ற கொசு போன்ற பூச்சியின் சிவப்புப் புழுவை முடக்கச் சில பத்து மைக்ரோகிராம் போதும். ஓ.இ.சி.டி.யும் 2011இல் 235ஆம் எண் வழிகாட்டியைக் கைரோனமஸுக்கென்று தனியே வெளியிட்டது. எனவே உலகத்தோடு ஒப்பிட ஒரு மேக்னா வரிசை, அதனுடன் நம் குளங்களில் வாழும் மொய்னா மைக்ரூராவும் கைரோனமஸும் என்று மூன்றாக வைக்க வேண்டும். மொய்னாவை எங்கே பிடிப்பது என்று குழு அமைத்து ஆராய வேண்டாம். கொளத்தூரில் வண்ணமீன் குஞ்சுகளுக்குத் தீனியாக வளர்க்கிறார்கள்.

அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்விக்கு இடமில்லை. சுற்றுச்சூழல் விதிகளின் 3(2)ஆம் விதி, கழிவை ஏற்கும் நீர்நிலையின் தரத்தைக் கருதி, காரணத்தை எழுத்தில் பதிந்து, மாநில வாரியம் மேலும் கடுமையான அளவுகோலை விதிக்கலாம் என்கிறது. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் இசைவாணையில் நிபந்தனை சேர்க்கும் உரிமையை உங்கள் கையில் கொடுத்திருக்கிறது. டெல்லியின் அறிவிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஓராண்டு தண்டனை ஏதுமின்றிப் பதிவு மட்டும் செய்யுங்கள். திருப்பூருக்குக் கீழே நொய்யல், ஒரத்துப்பாளையம் அணையின் வாய், ஈரோட்டில் பெரும்பள்ளம் ஓடையும் பிச்சைக்காரன்பள்ளம் ஓடையும், வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் கீழே பாலாறு, கோவை உக்கடம் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிவரும் நீர்: தொடங்க இவை போதும். சட்டப்படி மாதிரி எடுக்கும்போதே உயிரிச் சோதனைக்கென்று ஒரு போத்தல் கூடுதலாக நிரப்பிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 36 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்கிவிட வேண்டும். அமெரிக்க முறையில் உள்ள வரம்பு அது. கோவையிலும் வேலூரிலும் ஆய்வு நடந்தால் எட்டக்கூடியதே. முடிவைத் தமிழில், எத்தனை விட்டோம், எத்தனை நீந்தின என்ற இரண்டு எண்ணாக மாதந்தோறும் வெளியிடுங்கள். இரண்டாம் ஆண்டில் அதை இசைவாணைக்குள் கொண்டுவரலாம்.

ஒரே ஒரு நிபந்தனையை எங்கள் தரப்பில் வைக்கிறோம். முதல் மாதிரியை ஏப்ரல், மே மாதங்களில், ஆற்றில் வேறு தண்ணீர் இல்லாதபோது எடுக்க வேண்டும். நவம்பரில் வெள்ளம் போகும்போது எடுத்து, எல்லாம் நன்றாக நீந்துகின்றன என்று அறிக்கை வந்தால், அந்த அறிக்கையை நாங்கள் அச்சிடுவோம். மாதிரி எடுத்த தேதியைப் பெரிய எழுத்தில் போட்டு அச்சிடுவோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு